காஞ்சியில் வாய்திறந்த குழந்தை

காஞ்சி மாநகரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கோயில்களிலே தொடங்கிப் பட்டுத் தறிகளிலே முடிப்பது வழக்கம். ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசர் கோயிலையும் பாடிய புலவர் பலர். காஞ்சிப் பட்டை அறியாத மணவீடு தமிழகத்தில் அரிது. ஆயினும், 130 ஆண்டுகட்கு முன்னர் அந்நகரின் ஓர் எளிய இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அந்நகரத்தாரும் பெரிதும் நினைப்பதில்லை. தரையிலே அரிசியைப் பரப்பி, ஒரு முதியவர் தம் மகள்வயிற்றுப் பேரனை அருகில் இருத்தி, அவன் விரலைத் தம் கையாற் பற்றித் தமிழ் எழுத்துக்களை ஒவ்வொன்றாக எழுதுவித்தார். எழுதுந்தோறும் அவ்வெழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லியும் வந்தார். பேரனோ மூன்று வயதாகியும் பேச்சு வாராத குழந்தை. ஊமையோ என்று பெற்றோர் அஞ்சியிருந்த காலம் அது. சில நாளில் அக்குழந்தை வாய்திறந்தது. அதுவே பின்னாளில் உலகம் வியந்த கணிதப் பேரறிஞர் ஸ்ரீநிவாச இராமாநுஜன்.

இவர்தம் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இரண்டு நெறிகளுள் ஒன்றைப் பற்றிச் செல்வர். பிறவியிலேயே வாய்த்த பேரறிவு, அதற்குக் காரணம் தேடல் வீண் என்பது ஒன்று. வறுமையும் அடிமை நாட்டின் நிலையும் அவரைக் கெடுத்தன, நல்ல சூழல் வாய்த்திருந்தால் இன்னும் எத்துணையோ செய்திருப்பார் என்பது மற்றொன்று. முன்னது பிறப்பையே பேசுகிறது. பின்னது வளர்ப்பையே பேசுகிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுத்து எடைபோடக் கூடுமா என்பதே எனக்குள்ள ஐயம். அவ்வையத்தோடு இவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்திலே ஒரு புடைவைக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடுபவர். மனவுறுதியும் கூரிய அறிவும் உடையவர். தாயைப் பெற்ற பாட்டனார் நீதிமன்ற ஊழியர். குழந்தைக்கு இடப்பட்ட பெயரையுடைய ஆசாரியராகிய இராமாநுஜரும் இளமையிற் காஞ்சியிலே கல்வி கற்றவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது சடகோபன் என்னும் தம்பி பிறந்து மூன்று மாதத்திற்குள் இறந்தான். 1889-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமாநுஜனுக்குப் பெரியம்மை கண்டது. அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் அந்நோயால் மாண்டனர். இவர் பிழைத்தார், முகத்தில் வடுக்கள் நிலைத்தன. பின்னர்த் தாயும் மகனும் காஞ்சியிலுள்ள பாட்டனார் இல்லம் சேர்ந்தனர். 1891-இலும் 1894-இலும் பிறந்த வேறிரு குழந்தைகளும் ஓராண்டு நிரம்புமுன்னே இறந்தன. நான்கு குழந்தைகளுள் மூன்று போக, ஒன்று எஞ்சியது. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே அடுப்பு, ஒரே கிணறு. ஆயினும் ஒன்றுக்கு வாழ்வும் மூன்றுக்குச் சாவுமாக முடிந்தது.

இதனை விதியென்று கூறி அமைவோர் அமைக. உடன்பிறந்தார் இருவர் தம் மரபணுக்களிற் சராசரியாகப் பாதியையே பொதுவாக உடையர் என்றும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குழந்தைக்குக் குழந்தை பிறப்பிலேயே வேறுபடும் என்றும் இன்றைய அறிவியல் கூறுகிறது. அவ்வாற்றல் வேறுபடினும், நல்ல குடிநீரும் அம்மைப்பாலும் தக்க மருத்துவமும் எல்லார்க்கும் கிட்டிய நாட்டில் அவ்வேறுபாடு மறைந்தே கிடக்கும். கிட்டாத நாட்டிலோ அதுவே உயிரை வாங்கும். பெரியம்மையே இதற்குச் சான்று. 1980-ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட பின்னர், அதனை எதிர்க்கும் பிறவி ஆற்றல் ஒருவனுக்கு மிகுதியா குறைவா என்று கேட்பாரே இல்லை. மனிதரின் பிறப்பு மாறவில்லை, சூழல் மாறியது, பிறப்பின் பொருளும் உடன் மாறிவிட்டது.

நிற்க. பேச்சு வாராமையை எடுத்துக்கொள்வோம். இரட்டைக் குழந்தைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த அறிஞர், குழந்தை காலந்தாழ்ந்து பேசுவதற்குப் பிறப்புவழிக் கூறுகளும் ஒரு காரணம் எனக் கண்டிருக்கின்றனர். அவ்வாறே, குழந்தையோடு பேசுவார் எவ்வளவு பேசுகின்றனர், எவ்வளவு பொறுமையாகப் பேசுகின்றனர் என்பதும் ஒரு காரணமே. காஞ்சி இல்லத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். குடும்ப நண்பர் ஒருவர் தூண்ட, பாட்டனார் அட்சராப்பியாசம் தொடங்கினார். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என ஒழுங்குபட்ட வரிசை ஒன்று குழந்தையின் விரலுக்கும் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே வந்தது. பன்னிரண்டும் பதினெட்டும் பெருகி இருநூற்றுப் பதினாறாவது ஒரு பெருக்கல் வாய்பாடு அன்றோ? பேசாதிருந்த குழந்தை இத்தகைய ஒழுங்கின் வழியாகப் பேச்சினுள் நுழைந்தது என்பது என் கருத்து. இதனை மெய்ப்பிக்க என்னால் இயலாது. ஆயினும், அக்குழந்தையின் இயல்புக்கு ஏற்ற வாயில் அதுவாக இருந்திருக்கக் கூடும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. வேறு வீட்டில் வேறு குழந்தைக்கு அதே அரிசி வெறும் அரிசியாகவே இருந்திருக்கலாம். அதே குழந்தை அரிசியைப் பரப்புவார் இல்லாத வீட்டில் இன்னும் சில ஆண்டு பேசாதிருந்திருக்கலாம்.

காஞ்சியிற் பட்டு நெய்வாரைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். நெடுக்கே ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. பாவினை முன்னரே தறியில் ஏற்றிவிடுகின்றனர். அதன் நீளத்தையும் நிறத்தையும் நெசவாளர் இடையில் மாற்ற இயலாது. ஊடையோ நாடாவில் இருந்து ஒவ்வொரு வீச்சிலும் வந்து சேருவது; இடையிலே நிறம் மாறலாம், சரிகை புகலாம். நெய்து முடித்த பின்னர்ப் பாவு எவ்வளவு பலம், ஊடை எவ்வளவு பலம் என்று நிறுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அச்சேலையின் மினுமினுப்பில் எத்துணைப் பங்கு பாவினுடையது, எத்துணைப் பங்கு ஊடையினுடையது என்று கேட்டால் நெசவாளர் சிரிப்பார். சிவப்புப் பாவின்மேல் பச்சை ஊடை ஓடும்போது தோன்றும் நிறம் இரண்டிலும் இல்லாத ஒன்று. மரபணுவும் சூழலும் கூடி நிற்கும் முறை ஏறத்தாழ இத்தன்மையதே. கூட்டற்கணக்கன்று அது, பெருக்கற்கணக்கு.

1892-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று குழந்தை காஞ்சியிலே பள்ளியில் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் அங்குத் தங்கக் கொடுத்துவைக்கவில்லை. பாட்டனார் நீதிமன்ற வேலையை இழக்கவே, தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர். தந்தைவழிப் பாட்டனார் இறந்தபோது மீண்டும் தாய்வழிப் பாட்டனாரிடம், இம்முறை சென்னைக்கு, அனுப்பப்பட்டார். சென்னைப் பள்ளி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. போகமாட்டேன் என்று அடம்பிடித்த சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பக் காவலர் ஒருவரின் உதவியை நாட வேண்டியதாயிற்று! ஆறு மாதத்திற்குள் மீண்டும் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சந்நிதித் தெருவில், தாயாருடன் ஆடு புலி ஆட்டம் ஆடியும் கோயிலில் விழாக்கள் கண்டும் வளர்ந்தார்.

அவ்வீட்டின் வறுமையே ஒரு வகையில் அவருக்குப் பள்ளியாயிற்று என்றால் வியப்பாக இருக்கும். தந்தையின் சிறு வருவாய் போதாமையால் கல்லூரி மாணவர் இருவர்க்கு வீட்டில் இடங்கொடுத்தனர். அவர்களிடமிருந்த கணித அறிவு முழுவதையும் பதினொரு வயதிற்குள் இராமாநுஜன் கறந்துவிட்டார். அவர்கள்வழிக் கிடைத்த லோனி என்பாரின் திரிகோணகணித நூலைப் பதின்மூன்று வயதிற்குள் கற்றுத் தெளிந்தார். 1903-ஆம் ஆண்டளவில், கார் என்பார் ஏறத்தாழ 5,000 கணித முடிபுகளைத் திரட்டிய நூல் ஒன்று கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிப்பார்க்கெனத் தொகுத்த நூல் அது. முடிபுகள் வரிசையாக நிற்கும். நிறுவும் வழி பெரும்பாலும் இராது, அன்றிச் சுருங்கக் கூறப்பட்டிருக்கும்.

இவ்விடத்திற் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். இராமாநுஜன் நிரூபணம் எழுதாமல் முடிபை மட்டும் எழுதிவைத்த பழக்கம் பேர்பெற்றது. இதனைத் தெய்வ அருள் என்பர் சிலர். பிறவிக்குணம் என்பர் சிலர். உண்மையை ஆராய்ந்தால் மூன்று காரணங்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடத்தல் தெரியும். தாள் விலைமிக்கது, ஆகவே பலகையிலே எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிபை மட்டும் குறிப்பேட்டிற் பதித்தார். முழங்கை கறுத்துக் காய்த்திருந்தது என்று அவரை அறிந்தோர் கூறியிருக்கின்றனர். கற்ற நூலோ முடிபுகளையே அடுக்கிய நூல். இவ்விரண்டும் அன்றைக்கு வேறு எத்தனையோ ஏழை மாணவர்க்கும் பொது. அவர்களுள் ஒருவரும் இராமாநுஜன் ஆகவில்லை. அவர் உள்ளத்திற் பிறவியில் அமைந்த ஏதோ ஒரு விரைவு, பலகையோடும் அந்நூலோடும் சேர்ந்தபோது மட்டுமே அப்பழக்கம் பிறந்தது. இங்கிலாந்தில் செல்வர் வீட்டிற் பிறந்து தாளுக்குப் பஞ்சமின்றி வளர்ந்திருந்தால், அதே மூளை வேறுவகையான கணிதத்தையே செய்திருக்கும். உடன்வளர்ந்த தம்பியர் இருவர்க்கும் அதே வீடு, அதே தாய். ஆயினும் கணிதம் அவர்களை அவ்வாறு பற்றிக்கொள்ளவில்லை.

கல்லூரி வாழ்க்கையை விரைந்து கடப்போம். நம் போன்றோர்க்கு அது வருத்தந்தரும் பகுதி. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்து அதனை இழந்தார். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீட்டை விட்டு ஓடி, ஏறத்தாழ ஒரு மாதம் இராஜமகேந்திரவரத்திற் கழித்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி; 1906 டிசம்பரில் எப். ஏ. தேர்வில் தவறினார், மறுவாண்டும் தவறினார். அவர் மிகவும் பின்தங்கிய பாடங்களுள் உடலியல் ஒன்று என்பது, அவர் உடலைப் பற்றிப் பேசும் இக்கட்டுரைக்கு ஒரு கசப்பான பொருத்தம். சென்னையில் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு, படிப்பை இடையில் விட்டு ஊர் திரும்பியதும் அக்காலத்திலேயே. அந்நோயைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்க.

1909-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பத்து வயதுச் சிறுமியாகிய ஜானகியை மணந்தார். வேலை தேடித் திரிந்தார். திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமாகிய வி. இராமசாமி ஐயர் அவர் குறிப்பேட்டைக் கண்டு வியந்து, பிறர்க்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிலகாலம் பொருளுதவி செய்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ராஸ் என்பார், போலந்து நாட்டறிஞர் ஒருவர் அண்மையில் வெளியிட்ட முடிபை இராமாநுஜன் முன்னரே கண்டிருத்தலை அறிந்து, இவருக்குப் போலந்து மொழி தெரியுமோ என்று வியப்போடு வினவியதாக ஒரு செய்தி உண்டு. மிஷன் கல்லூரிகளிற் பயில்வோர் மறக்கலாகாத செய்தி அது.

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இராமாநுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவு யாவரும் அறிந்ததே. ஆனால் ஹார்டியைப் பற்றி யாவரும் அறியாத ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் உரியது. 1908-ஆம் ஆண்டில், மரபியல் ஆராய்ச்சியாளரும் கிரிக்கெட் ஆட்டத்தில் நண்பருமாகிய பன்னெட் என்பார் ஹார்டியிடம் ஓர் ஐயத்தைக் கொண்டுவந்தார். ஓங்கிநிற்கும் பிறப்புக்கூறு ஒன்று தலைமுறைதோறும் பெருகி மக்களிடையே பரவிவிடாதோ என்பது அவ்வையம். ஹார்டி எளிய பெருக்கற்கணக்கு ஒன்றால், வேறு ஏதும் தலையிடாதவரை அத்தகைய கூறுகளின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாது நிற்கும் என்று காட்டினார். ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க் என்பாரும் அவ்வாண்டே தனித்து அதனைக் கண்டார். இன்று மரபியல் பயிலும் மாணவர் அனைவரும் இவ்விருவர் பெயரால் அவ்விதியைக் கற்கின்றனர். ஹார்டியோ அதனைச் சிறுபிள்ளைக் கணக்காகவே கருதினார். மரபணுக்களின் விகிதத்தை ஒரு பக்கத்தில் கணித்து முடித்த அவ்வறிஞர், சென்னையிலிருந்து வந்த ஒருவரின் உடலையும் மனத்தையும் ஐந்தாண்டுக் காலம் கண்ணெதிரே கண்டும், அவற்றுக்கு நேர்வதை ஊகிக்க இயலாதிருந்தார். அவரைக் குறைகூறுவதற்கில்லை, தம்மால் இயன்ற நன்மை யாவும் செய்தவர் அவர்.

1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமாநுஜன் சென்னையை விட்டுப் புறப்பட்டார். கடல் கடத்தல் ஆகாது என்னும் குலவழக்கம் தடுத்தது. தாயார் கனவில் நாமகிரித் தாயார் இசைவு கொடுத்ததாகக் கூறித் தடையை நீக்கினர். ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது.

அங்கே அவர் வாழ்ந்த வகையைக் காட்டும் சிறு நிகழ்ச்சி ஒன்றுண்டு. பின்னாளிற் புள்ளியியலறிஞராய்ப் புகழ்பெற்ற மகலநோபிஸ் அன்று கேம்பிரிட்ஜில் மாணவர். குளிர் பொறுக்காமல் இராமாநுஜன் வருந்துதலைக் கண்டு, அவர் அறையைச் சென்று பார்த்தார். கட்டிலின்மேல் விரிப்பாகச் செருகிவைத்திருந்த கம்பளிகளுக்குள்ளே புகுந்து உறங்குதல் வேண்டும் என்பது இராமாநுஜனுக்குத் தெரியவில்லை. அவற்றின்மேலே படுத்து, தம் மேலங்கியையே போர்த்து நடுங்கியிருக்கிறார். எண்களின் உள்ளுறையைக் கண்டவர்க்குக் கம்பளியின் உள்ளுறை தெரியவில்லை என்று நகைத்தல் எளிது. ஒருவர்க்கு ஒருவர் சொல்லிக் கொடுக்காத சிறு பழக்கங்களே ஒரு நாட்டைத் தாய்நாடாக ஆக்குகின்றன. அவை இல்லாதவிடத்து அறிஞனும் குளிரில் நடுங்குவான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உணவோ இதனினும் கொடிது. கல்லூரி உண்டிச்சாலையில் உண்ணமாட்டார். புலால் கலந்த பாத்திரம் என்னும் ஐயம். அறையிலே தாமே சமைத்தார். வேலையில் ஆழ்ந்தால் பல வேளை சமைப்பதும் இல்லை. இரவு பகல் வேறுபாடின்றி உழைத்துப் பின்னர் நெடுநேரம் உறங்குவார். போர் நீளவே காய்கனிகள் அருகின. ஊரிலிருந்து பொருள்கள் வருவதும் கடினமாயிற்று. 1917-ஆம் ஆண்டு வசந்தத்தில் நோயிற் படுத்தார். மருத்துவர்கள் பலவாறு ஐயுற்று இறுதியில் எலும்புருக்கி நோயென்று கொண்டனர். அக்கால முறைப்படி குளிர்ந்த திறந்த வெளியும் காற்றுமே அந்நோய்க்கு மருந்து. ஆகவே வெப்ப நாட்டினர் ஒருவர், மெண்டிப் மலையிலும் மாட்லாக்கிலும் உள்ள நலவாழ்வு மனைகளிற் குளிரிலே கிடத்தப்பட்டார்.

இங்கேதான் பாவும் ஊடையும் கூடி நெய்யும் கொடிய துணியைக் காண்கிறோம். தமிழ்நாட்டு வெயிலிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாரின் கருநிறத் தோல், கொடிய வெயிலினின்று உடலைக் காக்கிறது. அது பிறப்பு தந்த செல்வம். உடலுக்கு இன்றியமையாத டி என்னும் உயிர்ச்சத்தோ வெயில் தோலிற் படுவதனாலேயே பெரும்பாலும் உண்டாவது. கருந்தோலுக்கு அதற்கு மிகுந்த வெயில் தேவை. கும்பகோணத்தில் அது கேளாமலே கிடைத்தது. கேம்பிரிட்ஜின் மங்கிய குளிர்காலத்தில், அறைக்குள்ளே இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் உறங்குவார்க்கு அது எங்ஙனம் கிட்டும்? அந்நாட்டார் அதனை மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் ஒருவாறு பெற்றனர். இவர் அவற்றைத் தொடார். மரபணு, வெயில், குலவழக்கம், போர் என்னும் நான்கும் தனித்தனியே நின்றிருந்தால் எதுவும் அவரைக் கெடுத்திராது. தோலின் நிறம் நோயன்று. மரக்கறி உணவு நோயன்று. இங்கிலாந்தின் வானமும் நோயன்று. அவர்க்குக் கடுமையான உயிர்ச்சத்துக் குறைவு இருந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். டி உயிர்ச்சத்து இன்னதென்று உலகம் அறிந்ததோ அவர் இறந்த பின்னரே.

உடல் இவ்வாறாக, உள்ளம் எவ்வாறு இருந்தது? இயல்பிலேயே கூச்சமும் நொய்ய உணர்ச்சியும் உடையவர். ஒருமுறை நண்பர்களைத் தம் அறைக்கு அழைத்து, தாமே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது அவர்கள் போதுமென்றனர். உடனே ஒன்றும் சொல்லாமல் வெளியேறி, சில நாள் கழித்தே திரும்பினார். கும்பகோணத்தில் இஃது ஒரு நாட்பிணக்காய், தாயின் ஒரு சொல்லில் தீர்ந்திருக்கும். அயல்நாட்டிலே தேற்றுவார் இல்லை. ஊரிலோ மாமியார்க்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை; ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குச் சேரவில்லை. 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலண்டனிலே ஒரு நிலத்தடி இரயில் நிலையத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நிலைய ஊழியரின் விழிப்பால் காக்கப்பட்டார். ஹார்டி காவல்துறையினரிடம் சென்று மேல்நடவடிக்கை இல்லாமற் செய்தார். அவ்வாண்டிலேயே ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். எண்களைப் பகுக்கும் வகைகளின் தொகையைக் கணிக்க ஹார்டியோடு சேர்ந்து அவர் கண்ட புகழ்மிக்க வாய்பாடும் அவ்வாண்டே வெளிவந்தது. 1729 என்னும் எண்ணின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர், அதனை விடுக்கிறேன். தாழாத பெருமையும் தாங்காத துயரமும் ஒரே ஆண்டில் ஒரே உள்ளத்தில் இருந்தன.

1919-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். தாயகத்து வெயிலும் உணவும் தேற்றும் என்று யாவரும் நம்பினர். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னைச் சேத்துப்பட்டு எனப் பல இடங்களில் தங்கினார். காய்ச்சலும் வலியும் விடவில்லை. ஜானகி அருகிலிருந்து வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பணிபுரிந்தார். அந்நிலையிலும் கணிதம் நிற்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என இன்று வழங்கும் புதியதொரு பொருளை அறிவித்தார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் உயிரைக் கொண்டது எலும்புருக்கி நோய்தானா? 1994-ஆம் ஆண்டில் யங் என்னும் மருத்துவர் பழைய மருத்துவக் குறிப்புகளையும் நோய்க்குறிகளையும் மீண்டும் ஆராய்ந்து, அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருத்தலே பெரிதும் பொருந்தும் என்று முடிவு கூறினார். விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் ஈரல் வீக்கமும் அதனையே சுட்டின. முன்னே நினைவில் வைக்கக் கூறிய வயிற்றுக்கடுப்பு இங்கே பொருள்படுகிறது. இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் அந்நோய் அவரை இருமுறை தாக்கியிருந்தது. தீர மருந்துண்ணாவிடின் அந்நுண்ணுயிர் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, பின்னர் ஈரலிற் சென்று எழும். மாசுபட்ட நீர்வழிப் பரவும் அந்நோய் அக்காலச் சென்னையில் மலிந்திருந்தது.

அந்நுண்ணுயிர் உடலிற் புகுந்தோருட் பெரும்பாலார் நோயே இன்றி இருப்பர். மிகச் சிலர்க்கே ஈரலைத் தாக்கும். அவருள்ளும் ஆடவர் பலர், மகளிர் சிலர். ஏன் இவ்வேறுபாடு? வங்கதேசத்துக் குழந்தைகளிடையே நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று விடையின் ஒரு பகுதியைக் காட்டியது. உடலில் உள்ள கொழுப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் ஒன்றுண்டு. அதனைப் பற்றிக்கொள்ளும் புரதத்திற்குரிய மரபணுவில் ஓரிடத்தில் அமைந்த சிறு வேற்றுமை, அமீபா நோய் எளிதிற் பற்றுமா பற்றாதா என்பதை மாற்றுகிறது. உண்ண உணவின்றி மெலிந்த உடலிலோ லெப்டினே குறைந்துவிடும். மெலிந்த குழந்தைகளை அந்நோய் மிகுதியாகத் தாக்குதலும் கண்டதே. மரபணு ஒரு கதவு. பசி அதன் தாழ்ப்பாளைத் தளர்த்துகிறது. மாசுற்ற நீர் வந்து தட்டுகிறது. இராமாநுஜனின் மரபணுவில் அவ்விடத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை எவரும் படித்ததில்லை. வேலையின்றிச் சென்னையில் அரைவயிறு உண்டு திரிந்த ஆண்டுகளை மட்டும் நாம் அறிவோம்.

நெஞ்சை உறுத்துவது மற்றொன்று. அந்நோய்க்கு அன்றே மருந்து இருந்தது. கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் என்னும் மருத்துவர் 1912-ஆம் ஆண்டிலேயே எமட்டின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தி அமீபா நோயைத் தணிக்கும் முறையை வெளியிட்டிருந்தார். போர்க்களத்தில் அந்நோய்ப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர், இராமாநுஜன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட காலத்தை ஒட்டியே அம்முறையால் குணமடைந்துகொண்டிருந்தனர். கேம்பிரிட்ஜ் மருத்துவர்க்கு அவர் உடலில் இந்தியா இருந்தது தெரியவில்லை. மெலிந்த உருவையும் காய்ச்சலையும் கண்டு, தம் நாட்டில் மலிந்த நோயையே அதில் கண்டனர். சென்னை மருத்துவரும் இங்கிலாந்தார் எழுதிக் கொடுத்த நோய்ப்பெயரையே பெரிதும் பின்பற்றினர்.

அவர் இறுதி ஓராண்டில் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறி இங்கிலாந்து சென்று, டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் மறைந்து கிடந்தன. 1976-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். ஜானகி அம்மையார் தையல் தொழிலால் தம் வாழ்வை நடத்திச் சென்னையில் நெடுங்காலம் இருந்தார். கணவர் நோய் இன்னதென்று யங் திருத்திக் கூறிய 1994-ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 13-ஆம் நாள், 95-ஆம் வயதில் அவ்வம்மையார் காலமானார்.